அணுவின் ஒளியை அக்கம்பக்கம் மாற்றுமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில் வல்லக்கோட்டை இருக்கிறது. முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். இன்று அதைச் சுற்றி ஒரகடம் வரை தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. அவற்றின் அலுவலகக் கட்டடங்கள் பலவற்றின் முகப்பில் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் வெறும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார முடியாது. ஆனால் இந்த வகைக் கண்ணாடிகளில் நல்ல தரமானவற்றின் பின்னால் உட்கார்ந்து வேலை செய்யலாம். வெளிச்சம் உள்ளே வருகிறது. வெப்பத்தில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடுகிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடியின்மேல் வெள்ளிப் பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். வெள்ளி அணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய நாற்பது அடுக்குதான் அந்தப் பூச்சு. அதற்குக் கீழேயும் மேலேயும் ஒளி ஊடுருவும் ஆக்சைடு பூச்சுகள். விலை உயர்ந்த வகைகளில் வெள்ளி, ஆக்சைடு, மீண்டும் வெள்ளி, மீண்டும் ஆக்சைடு என்று இரண்டு மூன்று முறை அடுக்குவதும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட செயின்ட் கோபைன் தொழிற்சாலையில் கண்ணாடித் தகடுகள் செய்யப்படுவதோடு, வெயிலைத் தடுக்கும் பூச்சுகளும் இடப்படுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்குகள் வெளியிலிருந்து வரும் ஒளியை வடிகட்டுகின்றன. சரி, தானே ஒளிவிடக்கூடிய ஓர் அணுவை அல்லது மூலக்கூறை அப்படிப்பட்ட அடுக்கின்மேல் வைத்தால் என்ன ஆகும்? அது வழக்கம்போல் ஒளிவிடுமா? அல்லது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஒளிவிடும் இயல்பே மாறிவிடுமா?

மாறும் என்பதுதான் விடை. எப்படி மாறும், எவ்வளவு மாறும், அதனால் நமக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இசைக்கவை சொல்லும் பாடம்

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவை இருக்கும். அதை ரப்பர் அட்டையில் தட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். ஒலி மெல்லியதாக இருக்கும். காதருகே கொண்டு சென்றால்தான் நன்றாகக் கேட்கும். ஆனால் நெடுநேரம் கேட்கும். மறுபடியும் அதே அளவு தட்டி, அதன் காம்பை மர மேசையின்மேல் அழுத்திப் பிடியுங்கள். வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி ஒலிக்கும். ஆனால் விரைவில் அடங்கிவிடும்.

தட்டிய வேகம் ஒன்றுதான். கவைக்குக் கிடைத்த ஆற்றலும் ஒன்றுதான். மேசை புதிதாக எந்த ஆற்றலையும் தரவில்லை. பின் ஏன் இந்த வேறுபாடு? மெல்லிய கவையால் காற்றை நன்றாகத் தள்ள முடியவில்லை. மேசையின் பரந்த பலகை அதனுடன் சேர்ந்து அதிரும்போது நிறையக் காற்றைத் தள்ளுகிறது. ஆகவே கவையிலிருந்த ஆற்றல் வேகமாக வெளியேறுகிறது. வீணையின் குடமும் தம்புராவின் குடமும் செய்கின்ற வேலை இதுவே.

இதிலிருந்து ஒரு கருத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஒலியின் சுருதியை நிர்ணயிப்பது கவை. அந்த ஒலி எவ்வளவு விரைவில் வெளியேறுகிறது என்பதை நிர்ணயிப்பது கவை மட்டும் அன்று; கவையும் அதைத் தாங்கும் இடமும் சேர்ந்தே அதை நிர்ணயிக்கின்றன.

அணுவின் காத்திருப்பு

அணுவுக்கு வருவோம். ஓர் அணு ஆற்றலைப் பெற்றுக் கிளர்வு நிலைக்குச் செல்கிறது. அங்கே சிறிது நேரம் தங்குகிறது. பிறகு தாழ்நிலைக்கு இறங்குகிறது. இரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாடு ஓர் ஒளித்துகளாக வெளிவருகிறது. இந்த ஒளித்துகளைத்தான் போட்டான் என்கிறோம். யாரும் தூண்டாமல் தானாக நிகழ்வதால் இதற்குத் தன்னிச்சை உமிழ்வு என்று பெயர். ஐன்ஸ்டைன் 1916-17-இல் எழுதிய கட்டுரைகளில் இந்த உமிழ்வுக்கு ஓர் எண்ணை ஒதுக்கினார். ஒரு வினாடியில் உமிழ்வு நிகழ்வதற்கான வாய்ப்பை அந்த எண் குறிக்கிறது.

கிளர்வு நிலையில் சராசரியாகத் தங்கும் நேரத்தை ஆயுட்காலம் என்பார்கள். பல சாயப் பொருள்களின் மூலக்கூறுகளுக்கு இது சில நானோ வினாடிகள். நானோ வினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி உங்கள் 30 சென்டிமீட்டர் அளவுகோலின் நீளத்தைத்தான் கடக்கும். யூரோப்பியம் என்னும் உலோகத்தின் சில சேர்மங்களுக்கோ ஆயுட்காலம் ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி. அணு அளவில் அது மிக நீண்ட காலம்.

கதிரியக்கப் பொருள்களின் அரை ஆயுளைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ரேடியத்தைச் சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் அது சிதையும் வேகம் மாறுவதில்லை. அணு ஒளி உமிழ்வதும் அப்படித்தான், அது அணுவின் பிறவிக் குணம், வெளியிலிருந்து யாரும் அதை மாற்ற முடியாது என்று வெகுகாலம் பலரும் எண்ணியிருந்தனர்.

பர்செல் எழுதிய சிறு குறிப்பு

1946-இல் அமெரிக்க இயற்பியல் அறிஞர் எட்வர்ட் பர்செல் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். ஒரு பத்தியளவே இருக்கும். அணுக்கரு ஒரு சிறு காந்தம்போல் நடந்துகொள்கிறது. அது தன் நிலையை மாற்றிக்கொண்டு ரேடியோ அலையைத் தன்னிச்சையாக உமிழ எவ்வளவு காலம் ஆகும் என்று அவர் கணக்கிட்டார். 5 என்று எழுதி அதன் பக்கத்தில் 21 சுழிகளைச் சேர்த்தால் எத்தனையோ, அத்தனை வினாடிகள்! பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். பர்செல் கணக்கிட்ட காலம் அதைவிடப் பதினாயிரம் மடங்குக்கும் மேல்.

அதே அணுக்கருக்களுடன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள உலோகத் துகள்களைக் கலந்தால் அந்தக் காலம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும் என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். துகள்கள் சிறு மின்சுற்றுகளைப் போல ஒத்ததிர்ந்து, இசைக்கவைக்கு மேசை செய்த உதவியை அணுக்கருவுக்குச் செய்யும். சூழல் உமிழ்வின் வேகத்தை மாற்றுவதை இன்று பர்செல் விளைவு என்று அழைக்கிறோம். அணுக்கருவின் காந்தப் பண்புகளை அளக்கும் முறையைக் கண்டதற்காக 1952-இல் பிளாக் என்பவருடன் அவர் நோபல் பரிசு பெற்றார். மருத்துவமனைகளில் இன்று எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படம் அந்த முறையிலிருந்து வளர்ந்ததே.

கண்ணாடியைப் பார்த்து ஒளிர்ந்த மூலக்கூறு

பர்செல் சொன்னது ரேடியோ அலைகளைப் பற்றி. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அது உண்மையா? 1960-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் கார்ல் டிரெக்ஸ்ஹேகே என்ற விஞ்ஞானி மிக அழகான ஒரு சோதனையால் இதைக் காட்டினார்.

அவர் யூரோப்பியம் சேர்மத்தின் மூலக்கூறுகளை ஒரு வெள்ளிக் கண்ணாடியின்மேல் வைத்தார். நேராக வைக்காமல், இடையில் கொழுப்பு அமிலத்தின் ஒற்றை மூலக்கூறு அடுக்குகளை விரித்தார். இந்த அமிலத்துக்கு அராக்கிடிக் அமிலம் என்று பெயர். வேர்க்கடலையின் தாவரவியல் பெயரிலிருந்து வந்தது; கடலை எண்ணெயில் அது சிறிதளவு இருக்கிறது. ஓர் அடுக்கின் தடிமன் சுமார் இரண்டரை நானோமீட்டர். அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கூட்டினால், மூலக்கூறுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியைப் படிப்படியாக மாற்றலாம்.

அளந்து பார்த்தபோது, இடைவெளி மாற மாற ஆயுட்காலமும் கூடிக் குறைந்து, மறுபடி கூடிக் குறைந்தது. காரணம் என்ன? மூலக்கூறிலிருந்து கிளம்பும் அலை கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. ஊஞ்சலை நினைத்துக் கொள்ளுங்கள். ஊஞ்சல் போகும் திசையிலேயே தள்ளினால் ஆட்டம் வளரும். எதிர்த்துத் தள்ளினால் தளரும். திரும்பி வரும் அலை, மூலக்கூறின் அதிர்வோடு எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்பதைப் பொறுத்து உமிழ்வு விரைவாகவோ தாமதமாகவோ நடக்கிறது. அந்தக் கட்டத்தை நிர்ணயிப்பது இடைவெளி.

இன்னொன்றையும் இந்தச் சோதனை காட்டியது. மூலக்கூறு உலோகத்துக்கு மிக மிக அருகில் சென்றபோது ஆயுட்காலம் சட்டென்று சரிந்தது. ஆனால் ஒளி அதிகமாகவில்லை, குறைந்தது. இந்தச் செய்தியை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

வாசல்களின் கணக்கு

இதையெல்லாம் ஒரே கருத்தில் அடக்கலாம். ஆடிக் கிருத்திகையன்று வல்லக்கோட்டைக் கோயிலில் கூட்டம் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரே ஒரு வாசல் திறந்திருந்தால் கூட்டம் கலைய வெகுநேரம் ஆகும். நான்கு வாசல்களையும் திறந்துவிட்டால் விரைவில் கலைந்துவிடும். மக்கள் அதே மக்கள்தான். மாறியது வாசல்களின் எண்ணிக்கை.

கிளர்ந்த அணுவுக்கும் இதுபோல் வெளியேறும் வழிகள் வேண்டும். அணு இருக்கும் இடத்தில், அதன் அதிர்வெண்ணுக்கு ஒத்த அலைகள் எத்தனை விதமாகப் பரவ முடியுமோ அத்தனை வாசல்கள் இருக்கின்றன. வெற்றிடத்தில் இதற்கு ஒரு குறிப்பிட்ட கணக்கு உண்டு. கண்ணாடிக்குள் வேறு கணக்கு. உலோகத்தின் அருகே மற்றொரு கணக்கு. வாசல்கள் கூடினால் ஆயுட்காலம் குறையும், குறைந்தால் கூடும். வாசலே இல்லாவிட்டால் அணு கிளர்வு நிலையிலேயே நின்றுவிடும்.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு. அணு வாசலைத் தேடி நடந்து செல்வதில்லை. எல்லா வாசல்களையும் ஒருசேரக் கணக்கில் கொண்டு, ஒவ்வொன்றின் வழியாகவும் வெளியேறும் வாய்ப்பைக் கூட்டினால் உமிழ்வின் மொத்த வாய்ப்பு கிடைக்கிறது. அவ்வளவுதான்.

ஆகவே, ஒளி உமிழ்வைக் கட்டுப்படுத்த விரும்புகிறவர் அணுவை மாற்ற வேண்டியதில்லை. அணு இருக்கும் இடத்தை மாற்றிக் கட்டினால் போதும். அப்படி நினைத்த வண்ணம் கட்டப்படும் பொருளுக்குத்தான் மீப்பொருள் என்று பெயர்.

நெய்து எடுத்த பொருள்

காஞ்சிபுரத்துப் பட்டில் மயில்கழுத்து நிறம் என்று ஒன்று உண்டு. அந்த நிறத்தில் சாயம் தோய்த்த நூல் அதில் இல்லை. பாவு ஒரு நிறம். ஊடை வேறொரு நிறம். நூல்கள் நம் கண் பிரித்தறிய முடியாத அளவுக்கு மெல்லியவை. ஆகவே இரண்டும் கலந்து மூன்றாவது நிறமாகத் தோன்றுகின்றன.

மீப்பொருளிலும் இதே தந்திரம்தான். இரண்டு பொருள்களை மிக நுண்ணிய அளவில் ஒழுங்காக அடுக்குகிறார்கள். அந்த அமைப்பு ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. எனவே ஒளிக்கு அது தனித்தனித் துண்டுகளாகத் தோன்றுவதில்லை; புதியதொரு பொருளாகவே தோன்றுகிறது. அதன் பண்பு அடங்கியிருப்பது எதனால் செய்தார்கள் என்பதைவிட எப்படி அடுக்கினார்கள் என்பதில்தான்.

இந்தக் கருத்துக்கு இந்தியாவில் ஒரு முன்னோடி உண்டு. 1898-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் முறுக்கிய சணல் நார்க் கட்டுகளின் வழியே நுண்ணலைகளைச் செலுத்தினார். முறுக்கின் திசைக்கேற்ப அலையின் அதிர்வுத் தளம் இடமாகவோ வலமாகவோ திரும்பியது. சர்க்கரைக் கரைசல் ஒளிக்குச் செய்வதை, முறுக்கிய சணல் நுண்ணலைக்குச் செய்தது! மனிதன் முறுக்கிக் கட்டிய அமைப்பைக் கொண்டு மூலக்கூறின் வேலையைச் செய்து காட்டிய சோதனை அது.

பின்னர் 1967-இல் சோவியத் விஞ்ஞானி வெசெலாகோ, ஒளிவிலகல் எண் எதிர்க்குறி கொண்ட பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணித்தார். 1990-களின் இறுதியில் லண்டனில் ஜான் பெண்ட்ரி அப்படிப்பட்ட பண்புகளை உலோகக் கம்பிகளாலும் வளையங்களாலும் உண்டாக்க வழி கூறினார். 2000-இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்மித் முதலியோர் நுண்ணலைகளில் அதைச் செய்து காட்டினர். மீப்பொருள் இயல் அதன்பின் வேகமாக வளர்ந்தது.

வெள்ளியும் ஆக்சைடும்

நமது கேள்விக்கு மிகவும் நெருக்கமான மீப்பொருள், கண்ணாடிப் பூச்சை ஒத்த அமைப்பு உடையது. வெள்ளி ஒரு படலம், ஆக்சைடு ஒரு படலம் என மாறி மாறிப் பல முறை அடுக்கியது. வெள்ளியில் எலக்ட்ரான்கள் படலத்தின் நெடுக ஓடலாம். குறுக்கே ஆக்சைடு தடுக்கிறது. எனவே இந்தப் பொருள் ஒரு திசையில் உலோகம் போலவும், மற்றொரு திசையில் கண்ணாடி போலவும் நடந்துகொள்கிறது. இதன் சமன்பாட்டை வரைபடமாக்கினால் வட்டத்துக்குப் பதில் அதிபரவளையம் வரும். ஆகவே அதிபரவளைய மீப்பொருள் என்று பெயர்.

இதில் வாசல்கள் எப்படிப் பெருகுகின்றன? சிவப்பு ஒளியின் அலைநீளம் காற்றில் 620 நானோமீட்டர் என்றால் சாதாரணக் கண்ணாடிக்குள் அது சுமார் 410 நானோமீட்டர். அதைவிட நெருக்கமான அலை மடிப்புகள் கண்ணாடிக்குள் பரவமாட்டா. பிறந்த இடத்திலேயே அடங்கிவிடும். ஒளி உமிழும் துகளோ சில நானோமீட்டர் அளவே உள்ளது. அதைச் சுற்றி நெருக்கமான மடிப்புகள் ஏராளமாக உண்டு. ஆனால் அவற்றுக்கு வெளியே செல்ல வழியில்லை. அதிபரவளைய மீப்பொருளை அருகில் வைத்தால் அந்த நெருக்கமான மடிப்புகளும் அதனுள் புகுந்து பரவத் தொடங்குகின்றன. அடுக்குகளின் தடிமனை நெருங்கும் அளவுக்கு மெல்லிய மடிப்புகள்வரை இது சாத்தியம். மூடிக் கிடந்த வாசல்கள் ஒரே சமயத்தில் திறக்கின்றன எனலாம்.

இதைச் சோதித்தவர்களில் ஒரு குழுவினர் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரீஷ் கிருஷ்ணமூர்த்தியும் வினோத் மேனனும். ஜூபின் ஜேக்கப், எவ்கெனி நரிமானோவ் ஆகியோருடன் சேர்ந்து 2012-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் வெள்ளியையும் டைட்டானியம் டையாக்சைடையும் மாறி மாறி அடுக்கி, அதன்மேல் குவாண்டம் புள்ளிகளைப் பரப்பினர்.

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் அளவுள்ள குறைகடத்திப் படிகம். ஒரே பொருளாக இருந்தாலும் சிறிய புள்ளி நீலமாகவும் பெரிய புள்ளி சிவப்பாகவும் ஒளிரும். இவற்றைக் கண்டறிந்து செய்முறை வகுத்ததற்காகவே எகிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவரும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். இன்றைய சில தொலைக்காட்சிப் பெட்டிகளின் திரைகளில் இவை இருக்கின்றன.

அந்த அடுக்கு அமைப்பு ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்குக் கீழே சாதாரணப் பொருளாகவும், அதற்கு மேலே அதிபரவளையப் பொருளாகவும் நடந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. அந்த எல்லையைத் தாண்டிய அலைநீளத்தில் ஒளிர்ந்த புள்ளிகளின் ஆயுட்காலம் குறைந்திருந்தது. அடியில் இருப்பது அதே வெள்ளி, அதே ஆக்சைடு. எனினும், வாசல்கள் பெருகிய இடத்தில் உமிழ்வு வேகமடைந்தது.

மதகா, உடைப்பா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆயுட்காலம் குறைந்தது என்றவுடன் நமக்கு ஒளி அதிகம் கிடைத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஏரியில் நீர்மட்டம் வேகமாக இறங்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மதகைத் திறந்திருந்தால் நீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். கரை உடைந்திருந்தாலும் நீர்மட்டம் அதே வேகத்தில் இறங்கும். ஆனால் வயலுக்கு ஒரு சொட்டும் சேராது. அளவுகோலில் நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

உலோகத்தின் அருகே இருக்கும் அணுவுக்கும் இந்த ஆபத்து உண்டு. டிரெக்ஸ்ஹேகே சோதனையில் மிக அருகே சென்றபோது ஆயுட்காலம் சரிந்தும் ஒளி குறைந்தது அல்லவா? அங்கே ஆற்றல் உலோகத்தின் எலக்ட்ரான்களிடம் சென்று வெப்பமாகிவிட்டது. மீப்பொருளிலும் அப்படியே. நெருக்கமான மடிப்புகளாக உள்ளே சென்ற ஒளி, அந்த மடிப்புகளோடு காற்றுக்கு வர முடியாது. உள்ளேயே சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிவிடும். ஆகவே இத்துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இரண்டு அளவுகளைத் தனித்தனியே கேட்கிறார்கள்: உமிழ்வு எத்தனை மடங்கு வேகமாயிற்று? உமிழ்ந்ததில் எத்தனை பங்கு வெளியே வந்தது?

இரண்டாவது அளவைக் கூட்ட, மீப்பொருளின் மேற்பரப்பில் நுண்ணிய கோடுகளையோ வளையங்களையோ செதுக்குகிறார்கள். அவை நெருக்கமான மடிப்புகளைத் தளர்த்திக் காற்றில் பரவக்கூடிய அலையாக மாற்றித் தருகின்றன. உடைப்பை மதகாக்கும் வேலை இது. உலோகத்தையே விட்டுவிட்டு, சிலிக்கான் போன்ற ஒளியை அதிகம் விழுங்காத பொருள்களால் நுண் அமைப்புகளைச் செய்வது மற்றொரு வழி.

இத்தனை பாடு எதற்கு?

சாதாரண விளக்கு கோடானுகோடி போட்டான்களை ஒரே சமயத்தில் கொட்டுகிறது. சில வேலைகளுக்கு அது உதவாது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு போட்டான்தான் வேண்டும். இரகசியச் செய்தி அனுப்புவது அவற்றுள் ஒன்று. பென்னட், பிராசார்ட் என்ற இருவர் 1984-இல் ஒரு முறை வகுத்தனர். அதில் இரகசியச் சாவியின் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு போட்டான் சுமந்து செல்லும். ஒரே ஒரு போட்டானை வழியில் எவரும் பாதியாகப் பிரித்து எடுக்க முடியாது. பிடித்துப் பார்த்தால் அதன் நிலை குலைந்து, திருடன் அகப்பட்டுவிடுவான். ஆனால் இரண்டு போட்டான்கள் சேர்ந்து வந்தால் ஒன்றை அவன் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

ஒற்றைப் போட்டானைத் தரும் ஒளி உமிழிகளில் ஒன்று வைரத்தில் இருக்கிறது. வைரத்தில் ஒரு கார்பன் அணு இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அணு அமர்ந்து, அதற்கு அடுத்த இடம் காலியாக இருந்தால் அந்த இணைக்கு நிறமையம் என்று பெயர். பச்சை ஒளியை அதன்மேல் விட்டால் சிவப்பாக ஒளிரும். அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும்.

ஆனால் இரண்டு குறைகள். ஒன்று, அதன் ஆயுட்காலம் சுமார் 12 நானோ வினாடி. ஆகவே ஒரு வினாடிக்குச் சுமார் 8 கோடி போட்டான்களுக்கு மேல் அதனால் தர முடியாது. உமிழ்வைப் பத்து மடங்கு வேகமாக்கினால் இந்த உச்ச வரம்பும் பத்து மடங்கு உயரும். இரண்டாவது, உமிழப்படும் ஒளியில் 637 நானோமீட்டர் என்ற துல்லியமான அலைநீளத்தில் வருவது நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். மற்றவை படிகத்தின் அதிர்வுகளோடு கலந்து வெவ்வேறு அலைநீளங்களில் சிதறிவிடுகின்றன. பயனுள்ள வாசலை மட்டும் திறந்து மற்றவற்றை மூட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வாசலை மூடவும் வழி உண்டு. 1987-இல் எலி யாப்லோனோவிச் என்பவரும், கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சஜீவ் ஜானும் தனித்தனியே ஒரு கருத்தை வெளியிட்டனர். அலைநீளத்தை ஒத்த இடைவெளியில் பொருள்களை ஒழுங்காக அடுக்கினால், குறிப்பிட்ட நிற ஒளி அதற்குள் எத்திசையிலும் பரவ முடியாது என்பதே அது. இவற்றை ஒளிப்படிகங்கள் என்கிறோம். மீப்பொருளுக்கு இவை நெருங்கிய உறவு.

நம் நாட்டில்

இத்துறையில் இந்தியர்களின் பங்கு புதிதன்று. கடத்திகளுக்கும் காப்புப் பொருள்களுக்கும் அருகில் இருக்கும் அணுவின் உமிழ்வைக் குவாண்டம் கொள்கைப்படி கணக்கிடும் முறையை கிரீஷ் அகர்வால் 1975-இலேயே விரிவாக எழுதினார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜெய்தீப் குமார் பாசுவின் குழுவினர் குவாண்டம் புள்ளிகளையும் அதிபரவளைய மீப்பொருளையும் இணைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டும் வலுவாகப் பிணைந்துவிட்டால் ஆற்றல் வெளியேறிவிடாமல் இரண்டுக்கும் இடையே போய்ப் போய்த் திரும்பும். ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஊசல்களில் ஒன்று நிற்க மற்றது ஆடுவதையும், பிறகு அது நிற்க இது ஆடுவதையும் நீங்கள் கண்டிருப்பீர்களே, அதுபோல. அறை வெப்பநிலையிலேயே அத்தகைய பிணைப்பைக் கண்டதாக 2017-இல் அவர்கள் தெரிவித்தனர். பஞ்சாபில் ரோப்பார் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ராஜேஷ் நாயரின் குழுவினர், ஒளிப்படிகங்களைக் கொண்டு வைரத்தின் நிறமையங்கள் ஒளிவிடுவதைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கின்றனர்.

2023-இல் மத்திய அரசு தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-31 வரையிலான இத்திட்டத்தின் மதிப்பு சுமார் 6000 கோடி ரூபாய். அதன்கீழ் குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வழங்கப்பட்டது. ஒற்றைப் போட்டானை நம்பகமாகத் தரும் உமிழிகள் இத்தகைய பணிகளுக்கு இன்றியமையாதவை.

ஜன்னல் கண்ணாடியும் ஆய்வகத்து மீப்பொருளும் ஒன்றல்ல. ஜன்னலுக்கு இரண்டு மூன்று வெள்ளிப் படலங்கள் போதும். மீப்பொருளுக்குப் பல அடுக்குகள் வேண்டும், ஒவ்வொன்றும் திட்டமிட்ட தடிமனில் அமைய வேண்டும். ஆனால் அடிப்படைக் கலை ஒன்றே. வெற்றிடத்தில் வெள்ளியை அணு அணுவாக உதிர்த்துப் படியச் செய்வதும், அந்தப் படலம் ஈரத்தாலும் காற்றாலும் கெடாமல் காப்பதும், தடிமனை நானோமீட்டர் கணக்கில் அளப்பதும் இரண்டுக்கும் பொது. ஒரகடத்துப் பக்கம் வேலைக்குப் போக எண்ணும் ஐ.டி.ஐ. மாணவரும் பாலிடெக்னிக் மாணவரும் பூச்சுத் தொழிலைச் சாயம் அடிக்கும் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அதில் நல்ல இயற்பியல் இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஓர் இசைக்கவை, ஒரு நிறுத்துகடிகாரம், சிறிது பஞ்சு ஆகியவற்றை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகத் தட்டுங்கள். முதலில் கையில் பிடித்து, ஒலி அடங்கும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு காம்பை மர மேசையிலும், சுரமானிப் பெட்டியிலும், சுவரிலும் வைத்துக் குறியுங்கள். கடைசியாகக் கவையின் நுனியைப் பஞ்சால் மெல்லத் தொடுங்கள்.

பெட்டியில் வைத்தபோதும் பஞ்சு பட்டபோதும் கவை விரைவில் அடங்கும். எந்த ஒன்றில் ஆற்றல் ஒலியாக வெளிவந்தது? எந்த ஒன்றில் வெப்பமாக வீணாயிற்று? கடிகாரத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் வேறு எதை அளக்க வேண்டும்? உங்கள் விடையை ஆசிரியரிடம் காட்டி விவாதியுங்கள். அணுவையும் மீப்பொருளையும் வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் கேட்கும் கேள்வியும் இதுதான்.